இரண்டு கரண்டி சீனி

செவ்வாய்க்கிழமை என்றால் எங்களுக்கு மூத்திர நாள். சிரிக்காதீர்கள், ஆஸ்பத்திரியில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். காலை ஏழு மணிக்கே கிளினிக் வாசலில் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், ஆளுக்கொரு போத்தல் கையில். தைல போத்தல், சாஸ் போத்தல், ஒரு சீனக் கிழவர் பிராந்தி போத்தலிலேயே கொண்டுவருவார். ஒவ்வொன்றிலும் எட்டுச் சொட்டு எடுத்து, நீல மருந்து ஊற்றிய கண்ணாடிக் குழாயில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவது என் வேலை. நீலமாகவே நின்றால் ஆள் தப்பித்தார். பச்சை வந்தால் எங்கேயோ இனிப்புக்குக் கை நீட்டியிருக்கிறார் என்று அர்த்தம். அப்புறம் மஞ்சள், கடைசியாகச் செங்கல் நிறம். செங்கல் வந்தால் டாக்டர் பொன்னுதுரை போடும் சத்தம் அடுத்த வார்டு வரை கேட்கும்.

நான் அப்பாசாமி, டிரெஸ்ஸர், அதாவது ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக் கையாள். புக்கிட் ரம்பாய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் கித்தா மரம் சீவியவர்களின் மகன். படிப்பு ஏழாவதோடு சரி, ஆனால் வாய் நீளம். தமிழ், மலாய், பிழைக்கிற அளவுக்கு இங்கிலீஷ், சண்டை போடுகிற அளவுக்கு ஹொக்கியன் சீனம். அந்த வாய்க்காகத்தான் டாக்டர் என்னைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நான் இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்தது மலாக்காவுக்குப் பக்கத்தில் தம்பின் ஊரில். அப்பா அங்கே ஸ்டேஷன் மாஸ்டர். அந்த மனிதருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி வந்து, கால் விரலில் ஆரம்பித்து முழங்கால் வரை வெட்டி எடுத்தார்கள். பையனுக்கு அப்போது பதினாலு வயது. சிங்கப்பூரில் டாக்டருக்குப் படித்து, லண்டனில் ஒரு வருஷம் இந்த ஒரு நோயை மட்டும் படித்துவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் மலாக்காவுக்கு வந்தார். "சோத்துக்கே வழியில்லாதவனுக்கு என்னய்யா இனிப்பு நீர்? அது பணக்காரன் வியாதி" என்று வெள்ளைக்காரப் பெரிய டாக்டர் சிரித்தாராம். கேட்டுக் கேட்டு, பழைய போர்வைகள் போட்டு வைத்திருந்த அறை ஒன்று கிடைத்தது. இன்சுலின் வைக்க ஐஸ் பெட்டி கிடைக்க இன்னும் எட்டு மாதம் ஆனது. தானும் தேநீரில் சீனி போடமாட்டார். "அவைக்கு வேண்டாம் எண்டிட்டு நான் குடிச்சால் வடிவோ அப்பாசாமி?" என்பார். எனக்கோ மூன்று கரண்டி போட்டால்தான் தேநீர். அதை ஒளித்து வைத்துத்தான் குடிப்பேன்.

ஐம்பத்தைந்து ஆகஸ்டில் தேவதாஸ் தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். பி.டபிள்யூ.டி. லாரி ஓட்டுகிறவன், காஜா பேராங் ரோட்டில் செட்டிகள் குடியிருக்கிற செட்டிக் கம்பத்து ஆள். எங்கள் வீடு அந்தக் கம்பத்துக்குப் பின்னால் இருந்த சந்தில். மலாக்காச் செட்டிகள் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறியவர்கள், நம்மைப் போலவே கோயில், குளம், பொட்டு, பொங்கல் எல்லாம் உள்ளவர்கள், பெயரும் தமிழ்ப் பெயர். வீட்டுக்குள் பேச்சு மட்டும் மலாய். தேவதாஸ் ரோட்டு வேலைக்காரர்களோடு பழகித் தமிழ் பேசுவான். அவன் பெண்சாதி சந்திரமதிக்குத் தமிழில் சாமி பெயர்களைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அவளும் பிள்ளையும் பேசியதை எனக்கு வந்த தமிழில் சொல்கிறேன்.

"என்னான்னே தெரியலை டிரெஸ்ஸர். தண்ணியாக் குடிக்கிறா லா. குளிக்கிற எடத்துல ஒண்ணுக்குப் போனா எறும்பு மொய்க்குது. ரெண்டு மாசத்துல பாதியா எளைச்சிட்டா" என்றான் தேவதாஸ்.

பெண்ணுக்குப் பாக்கியலட்சுமி என்று பெயர், பதின்மூன்று வயது. மூச்சில் அழுகின பழ வாடை அடித்தது. டாக்டர் முகர்ந்தார், என்னைப் பார்த்தார், ஊசியை எடுத்தார். மூன்று வாரம் வார்டில் வைத்துக் காப்பாற்றினார். இரண்டு ராத்திரி கட்டில் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் விழித்ததும் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, "இந்த ஊசிய நானே போட்டுக்கக் கத்துக்கலாமா?" என்பது. டாக்டர் அப்படியே கரைந்து போனார். எங்கள் கிளினிக்குக்குச் சின்னப் பிள்ளை என்று வந்து பிழைத்தது அவள்தான் முதல்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளும் செவ்வாய்க்கிழமையாகவே வாய்த்தது. வெளியே கொட்டுகிற மழை. நாற்பது பேர் ஈரத்தோடு நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். டாக்டர் என்னைக் கேட்டார்.

"பத்தியம் எண்டதுக்கு இந்த மனுசிக்கு விளங்குற சொல் என்ன அப்பாசாமி?"

"பந்தாங் டாக்டர்."

"பந்தாங். நல்ல சொல்." நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அப்புறம் மெதுவாக, விரல் மடக்கிச் சொன்னார். "வடிவாச் சொல்லும். சீனி, கருப்பட்டி, பலகாரம் ஒண்டும் வேண்டாம். ஆனால் பிள்ளைக்கு வேர்த்து, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறினால், அது ஊசி கூடிப்போன அடையாளம். உடனே ரெண்டு கரண்டி சீனி தண்ணியிலை கரைச்சுக் குடுக்கவேணும். குடுத்திட்டு இஞ்ச கொண்டு வரவேணும். விளங்குதே?"

எனக்கு நன்றாக விளங்கியது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு கிழவி வழுக்கி விழுந்தாள், அவளுடைய போத்தல் உடைந்தது, ஒரே கூச்சல். நான் சந்திரமதியிடம் அவசரமாகச் சொன்னேன்.

"அக்கா, சீனி பந்தாங். சும்மா இல்லை, உண்மையான பந்தாங்."

"எத்தனை நாளைக்கு?"

"சாகுற வரைக்கும்" என்றேன்.

மிச்சத்தைத் தமிழ் தெரிந்த தேவதாஸிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவன் வெளியே லாரியைத் திருப்பிக்கொண்டிருந்தான். நான் கிழவியைத் தூக்கி உட்கார வைத்து, தரையைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தபோது அவர்கள் போய்விட்டார்கள். அடுத்த வாரம் சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த வாரம் மறந்தேன். பாவி.

பத்தியம் வேறு, பந்தாங் வேறு. நம் வீட்டில் பத்தியத்தை ஒரு நாள் மீறினால் மறுநாள் ஒரு கஷாயம் குடித்துச் சரிக்கட்டிக்கொள்வோம். பந்தாங்கை மீறினால் போச்சு. பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் பந்தாங்கில் இருந்தால் தாகத்தில் அழுதால்கூடக் குளிர்ந்த தண்ணீர் கொடுக்கமாட்டார்கள். அழுகைக்கு இரங்குகிறவள் எதிரி. இது எனக்குத் தெரியாதா? அந்தச் சந்திலேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி மலாய் பேசுகிறவனுக்குத் தெரியாதா?

இதில் கொடுமை, சந்திரமதி பலகாரம் செய்து விற்கிறவள். விடியற்காலையில் எழுந்து ஒண்டே-ஒண்டே உருட்டுவாள். பாண்டான் இலைச் சாறு விட்டுப் பச்சையாகப் பிசைந்த மாவுக்குள் குலா மலாக்கா கருப்பட்டித் துண்டு ஒன்றை வைத்து மூடி, கொதிநீரில் போட்டு, மிதந்ததும் எடுத்துத் தேங்காய்ப்பூவில் புரட்டவேண்டும். கடித்தால் வாய்க்குள் பாகு உடையும். நான் வேலைக்குப் போகிற வழியில் ஐந்து வாங்குவேன். பாக்கியம் அம்மாவுக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்து கருப்பட்டி நறுக்கிக்கொண்டிருப்பாள்.

"என்ன பாக்கியம், ஒண்ணும் வாயில போடலையே?"

"விரலைக்கூட நக்கலை அண்ணே! அம்மாகிட்ட கேளுங்க" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவாள். நறுக்கி முடித்ததும் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருவாள். அவள் அம்மா கருப்பட்டி டின்னையும் சீனி டின்னையும் மூடி மேல் பலகையில் ஏற்றி வைப்பாள்.

"எம்மவ மாதிரி பந்தாங் காக்கிறவ இந்தக் கம்பத்திலேயே கிடையாது, டிரெஸ்ஸர். முன்னே அவதான் பாதியைத் தின்னு தீர்ப்பா. இப்போ பாருங்க" என்று பெருமையாகச் சொல்வாள் சந்திரமதி. நான் பலகாரத்தை வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போவேன். எத்தனை காலை அப்படிப் போயிருப்பேன்!

அவள் போத்தல் எப்போதும் நீலம். டாக்டர் அந்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மற்ற நோயாளிகளுக்குக் காட்டுவார். "பாருங்கோ, ஒரு சின்னப் பிள்ளைக்கு இருக்கிற புத்தி உங்களுக்கு இல்லை!" செங்கல் நிறத்துக்காரர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

ஐம்பத்தாறு பிப்ரவரியில் மெர்டேக்கா என்கிற சுதந்திரத் தேதியை அறிவிக்கப் போகிறார்கள் என்று மலாக்காவே பண்டார் ஹிலிர் திடலுக்குக் கிளம்பியது. லாரி லாரியாக ஜனம். தேவதாஸ் லாரியிலும் கொடி கட்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு போனான். நான் திடலில் முதலுதவிக் கூடாரத்தில் இருந்தேன். வெயிலில் மயங்கி விழுந்தவர்களுக்கு என்ன கொடுத்தோம் தெரியுமா? சீனித் தண்ணீர். காலையிலிருந்து எத்தனை குவளை கலக்கினேனோ, கை வலித்தது.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினால் பெண்கள் வார்டில் சந்திரமதி தரையில் உட்கார்ந்திருக்கிறாள். கட்டிலில் பாக்கியம். டாக்டர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். எத்தனையாவது ஊசியோ தெரியாது. வலிப்பு நின்றிருந்தது, ஆனால் கண் திறக்கவில்லை.

"கேளும் அப்பாசாமி. காலையிலிருந்து நடந்ததை ஒண்டும் விடாமல் கேளும்."

கேட்டேன். சந்திரமதி முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"ஏழு மணிக்கு ஊசி போட்டா. பசியாறச் சொன்னேன், அப்புறம்னு சொல்லிட்டு ரோட்டுல லாரி போறதைப் பாக்க ஓடிட்டா. எனக்கும் வேலை, கூட்டத்துல விக்க நெறைய உருட்டணும். ஒம்பது மணி இருக்கும், திரும்பி வந்து வாசப்படியில உக்காந்தா. வேர்த்து ஊத்துது. கை நடுங்குது. 'அம்மா சீனி குடு, கொஞ்சூண்டு சீனி குடு'ங்கறா. பலகையில இருக்கிற டின்னைக் காட்டிக் காட்டிக் கேக்கறா."

"குடுத்தியா அக்கா?"

அவமானப்படுத்திவிட்டது போல என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"குடுப்பேனா? பந்தாங் இல்லையா? ஏறி எடுக்கப் போனா, ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டேன். கன்னத்துல ஒண்ணு வச்சேன்கூட. அப்புறம் பேச்சுக் கொழறிச்சு. பெச்சா வண்டி தேடி ஓடினேன், ரோடு பூராக் கூட்டம், ஒருத்தனும் வரமாட்டேங்கறான். தொக்தோர்கிட்ட சொல்லு டிரெஸ்ஸர், ஒரு மணல் அளவு அவ வாயில போகலை. நான் பந்தாங்கை மீறலை."

அதை டாக்டருக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல நான் துணியவில்லை. ஆனால் பந்தாங் என்ற அந்த ஒரு சொல் டாக்டருக்குத் தெரியுமே. நான்தானே கொடுத்தேன். அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

என்னைக் கிளினிக் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். "அண்டைக்கு, அந்த மழை நாள், நீர் என்ன சொன்னனீர்?"

சொன்னேன். சொன்ன அந்த நாலைந்து வார்த்தையைச் சொன்னேன். 'சாகுற வரைக்கும்' என்றதையும் மறைக்கவில்லை. செங்கல் நிறத்துக்கு வார்டு அதிரக் கத்துகிற மனிதர், அன்றைக்குக் கத்தவில்லை. என்னை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் ரெண்டு விசயம் சொன்னனான். ஒண்டுதான் போய்ச் சேர்ந்திருக்கு. ஆறு மாதம் கிழமைக்குக் கிழமை வந்த பிள்ளை. போய்ச் சேர்ந்துதோ எண்டு நான் ஒருக்காலும் கேக்கேல்லை. நீலத்தைப் பாத்துச் சந்தோசப்பட்டுக்கொண்டு இருந்திட்டன்." மேசையில் கையை ஊன்றி நின்றார். "பிழை என்ரை."

பாக்கியத்தின் தாளில் இங்கிலீஷில் எழுதினார். பிறகு அதை எடுத்துப் படித்தேன். நோயாளியின் தாய்க்குச் சொல்ல வேண்டியதை தானே சரியாகச் சொல்லவில்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டிருந்தார். என் பெயர் எங்கேயும் இல்லை.

மூன்றாம் நாள் பெண் போய்விட்டாள். கண் திறக்கவே இல்லை. சந்திரமதி டாக்டரின் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதாள். "நீங்க சொன்னபடி எல்லாம் செஞ்சேன் தொக்தோர். அவ விதி அவ்வளவுதான்." டாக்டர் மற்றக் கையால் அவளைத் தாங்கிப் பிடித்தார். நான் அவள் சொன்னதைத் தமிழில் சொன்னேன், என் பங்கை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை கிளினிக் மேசையில் ஒரு சீனி டின், ஒரு குவளை, ஒரு கரண்டி இருந்தன. அன்றிலிருந்து புதுச் சட்டம். ஊசி போடுகிற ஒவ்வொருவரின் வீட்டு ஆளும் டாக்டர் முன்னால் சீனித் தண்ணீர் கலக்கிக் காட்டவேண்டும். எப்போது கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று அவர்கள் பாஷையிலேயே அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும். "நாங்கள் சொல்லுறது வேலை இல்லை அப்பாசாமி. அவை திருப்பிச் சொல்லக் கேக்கிறதுதான் வேலை." இனிப்பு நீர் டாக்டர் சீனித் தண்ணி விக்கிறாருடா என்று ஊர் சிரித்தது. மணி மூன்றானாலும் வரிசை முடியாது. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம், கோலாலம்பூரில் பெரிய பதவிக்கு அவரைக் கூப்பிட்டார்கள். போகவில்லை. அதற்குப் பிறகும் பதினெட்டு வருஷம் அந்தப் போர்வை அறையிலேயே இருந்து ஓய்வு பெற்றார். தேநீரில் சீனி போடுவதை நானும் அந்த வாரமே விட்டுவிட்டேன். என்ன பிரயோஜனம்?

காஜா பேராங் ரோட்டு வழியாகப் போவதையும் விட்டேன். சுற்றிக்கொண்டு வேறு சந்தால் போவேன். பலகாரம் வாங்குவதில்லை. அவள் எதிரே வந்துவிடுவாளோ என்று கோயிலுக்குக்கூடப் போகப் பயம்.

இப்படிப் பத்து மாதம் ஓடியது. மறு ஜனவரியில் தேவதாஸ் கிளினிக் வாசலில் வந்து நின்றான். "பொங்கலுக்கு மொத நாள் எங்க வீட்டுல பார்ச்சு. பாக்கியத்துக்கு இது மொத பொங்கல் எல. டாக்டரைக் கூட்டிக்கிட்டு வரச் சொன்னா எஞ்சம்சாரம். உன்னையும்தான். மறக்காம வா லா."

பார்ச்சு என்றால் செட்டிகள் இறந்தவர்களுக்குப் படைக்கிற சடங்கு. அவர்களுக்குப் பிடித்த சாப்பாடு எல்லாவற்றையும் இலையில் வைத்து, சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நிற்பார்கள். வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று. அப்புறம் வீட்டார் உள்ளே போய் உட்கார்ந்து அதையே சாப்பிடுவார்கள்.

சாயங்காலம் தூறிக்கொண்டிருந்தது. டாக்டர் காரை ரோட்டிலேயே விட்டுவிட்டு என்னோடு நடந்து வந்தார். கூடத்தில் வாழையிலை. சோறு, பொரித்த பாராங் மீன், இறால் விழுது போட்ட பிளாச்சான் சம்பல், புளி போட்ட கத்தரிக்காய், ரம்புத்தான் ஒரு கொத்து. டாக்டர் இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுக்களையில் நாளைய விற்பனைக்கு ஒண்டே-ஒண்டே தட்டுத் தட்டாக இருந்தது. வாசனை கூடம் வரை வந்தது.

"பிள்ளைக்கு ஆக விருப்பமானது எது?" என்று தேவதாஸைக் கேட்டார்.

"ஒண்டே-ஒண்டே தான் டாக்டர். ஆனா எலையில வைக்க மாட்டேங்கறா."

"ஏன்?"

தேவதாஸ் அடுக்களைப் பக்கம் திரும்பினான். சந்திரமதி அடுக்களையிலிருந்து வந்து நின்றாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"பந்தாங், தொக்தோர்" என்றாள்.

டாக்டருக்கு அதற்குள் மலாய் கொஞ்சம் வந்திருந்தது. தட்டுத்தடுமாறிச் சொன்னார். "பந்தாங் முடிஞ்சுபோச்சு அம்மா."

"எப்போ முடிஞ்சது?"

சந்திரமதியே பேசினாள், சத்தம் போடாமல்.

"நவம்பர்ல எதிர்வீட்டு அஞ்சலை தன் புருசனுக்காக உங்ககிட்ட வந்தா. வந்து, சீனித் தண்ணி கலக்கக் கத்துக்கிட்டேன்னு எனக்குக் கலக்கிக் காட்டினா. வேர்த்தா, நடுங்கினா, ரெண்டு கரண்டி. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. எம்மவ சரியாத்தான் கேட்டிருக்கா. நான்தான் கையைப் புடிச்சுக்கிட்டேன். ரெண்டு மாசமா நான் தூங்கலை. ஆனா உங்க மேல மண்ணை வாரி எறியலை. இந்த நாளுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். பந்தாங் போட்டவங்கதான் அதை எடுக்கணும். நானா எடுத்தா அது மீறுறது. செத்தும் எம்புள்ளை பந்தாங்கிலயே கெடக்கா. எடுத்து விடுங்க தொக்தோர்."

டாக்டர் இரண்டு கையையும் கூப்பினார். மலாய் எல்லாம் ஓடிப்போய்விட்டது அவருக்கு. "பிழை என்ரை அம்மா. நான் சரியாச் சொல்லேல்லை. சொல்லும் அப்பாசாமி, என்ரை பிழை எண்டு சொல்லும்."

சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பத்து மாதமாக அதைத்தானே செய்தேன். முடியவில்லை.

"அக்கா, டாக்டர் தன் பிழைன்னு சொல்றாரு. அது பொய். அவர் அன்னைக்கு முழுசாச் சொன்னாரு. சீனி வேணாம்னும் சொன்னாரு, வேர்த்தா ரெண்டு கரண்டி குடுன்னும் சொன்னாரு. பாதியை நான் முழுங்கிட்டேன். வரிசை நீளமா இருந்துச்சு, அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். பந்தாங்கும் என் வார்த்தை, சாகுற வரைக்கும்னதும் என் வார்த்தை."

சந்திரமதி என்னையே பார்த்தாள். தினமும் காலையில் ஐந்து பலகாரம் வாங்கித் தின்றுகொண்டே பாக்கியத்தை விசாரித்த ஆளைப் பார்த்தாள்.

"நீயா?"

"நான்தான் அக்கா."

உள்ளே போனாள். விளக்குமாற்றை எடுத்துவரத்தான் போகிறாள், வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன். பலகையிலிருந்து டின்னை இறக்குகிற சத்தம் கேட்டது. வந்தபோது கையில் சீனி டின், ஒரு குவளைத் தண்ணீர், கரண்டி. மூன்றையும் இலைக்கு முன்னால் வைத்தாள்.

"அப்போ நீ கலக்கு."

உட்கார்ந்தேன். முதல் கரண்டியில் பாதி பாயில் சிந்தியது.

"எத்தனை கரண்டி?"

"ரெண்டு" என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. அவளுக்குக் கேக்கணும்."

இலையைப் பார்த்துச் சொன்னேன். டாக்டர் விரல் மடக்கிச் சொன்னாரே, அதே வரிசையில், அவள் வீட்டுப் பாஷையில். வேர்த்தா, கை நடுங்கினா, பேச்சுத் தடுமாறினா, உடனே ரெண்டு கரண்டி சீனி தண்ணியில கரைச்சுக் குடுக்கணும், பாக்கியம். குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரணும். சொல்லி முடிக்கும் முன் அழுதுவிட்டேன்.

சந்திரமதி குவளையை வாங்கி, அடியில் சீனி நிற்கிறதா என்று பார்த்து, இன்னும் கொஞ்சம் கலக்கி இலையின் வலதுபக்கம் வைத்தாள். அடுக்களையிலிருந்து ஒரு தட்டு ஒண்டே-ஒண்டேயும் கொண்டுவந்து வைத்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். மழை கொஞ்சம் வலுத்திருந்தது. நாங்கள் நாலு பேரும் வெளியே நின்றோம்.